அளக்கிற கதை

தமிழில் 'அளப்பது' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. மரக்காலை எடுத்து நெல்லை அளக்கிறோம். குவியலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. அளப்பதற்கு முன்னாலும் நெல் அவ்வளவுதான் இருந்தது. நமக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்தது. இது முதல் அர்த்தம். 'ஆண்டவன் படியளக்கிறான்' என்கிறோமே, அங்கே அளப்பது என்றால் கொடுப்பது. படியளக்கிற வரையில் நம் பானையில் ஒன்றும் இல்லை. அளந்த பிறகுதான் இருக்கிறது. இது இரண்டாவது. மூன்றாவது அர்த்தம் திண்ணையிலும் டீக்கடையிலும் வழங்குவது. 'சும்மா அளக்காதே' என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அதற்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பௌதிகத்தில் மூண்டு, இன்னும் ஓயாமல் இருக்கிற ஒரு பெரிய தகராறை இந்த மூன்று அர்த்தங்களுக்குள் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் அணுவை அளந்து பார்த்தோம் என்று விஞ்ஞானி சொல்லும்போது, அவர் இருப்பதைக் கண்டுபிடிக்கிறாரா, இல்லாததைக் கொடுக்கிறாரா, அல்லது நம்மிடம் அளக்கிறாரா?

இந்தக் கேள்வியைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் கேட்ட கட்டுரை ஒன்று உண்டு. ஜான் பெல் என்ற ஐரிஷ்காரர் எழுதியது. 'அளவீட்டுக்கு எதிராக' என்பது தலைப்பு. 1989ல் சிஸிலித் தீவில் எரீச்சே என்ற மலையூரில் கூடிய விஞ்ஞானிகளுக்கு முன்னால் பேசியதை, 1990 ஆகஸ்டில் ஒரு பௌதிகப் பத்திரிகையில் வெளியிட்டார். அந்த அக்டோபர் முதல் தேதியே அவர் ஜெனீவாவில் திடீரென்று இறந்துபோனார். வயது 62. அவருடைய கட்டுரைத் தொகுதியின் 2004ஆம் வருஷத்துப் பதிப்பில் இதையும் சேர்த்திருக்கிறார்கள்.

பௌதிகக் கட்டுரையை விமரிசிக்க ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். நான் கல்லூரியில் படித்த பௌதிகம் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டது உண்மைதான். ஆனால் இது சொற்களைப் பற்றிய கட்டுரை. ஒரு சொல் பொருந்தாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து எழுந்திருக்க மறுத்தால் என்னென்ன கெடுதல் விளையும் என்பதைச் சொல்லுகிற கட்டுரை. அந்தக் கெடுதல் என்னவென்று கதை எழுதுகிறவனுக்கும் தெரியும்.

பெல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில், வசதியில்லாத குடும்பத்தில் 1928ல் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பௌதிகச் சோதனைச்சாலையில் உதவியாளாகச் சேர்ந்தார். மறு வருஷம் அதே இடத்தில் மாணவரானார். 1960லிருந்து ஜெனீவாவில் உள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். அங்கே அவருக்குச் சம்பளம் கொடுத்தது வேறு வேலைகளுக்காக. க்வாண்டம் பௌதிகத்தின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதை அவர் ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்காகத்தான் வைத்துக்கொண்டிருந்தார். பொழுதுபோக்குத்தான் அவருக்கு அழியாத பெயரைக் கொடுத்தது.

விஷயம் என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். 1922ல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளியை உலையில் ஆவியாக்கி, அந்த அணுக்களை ஒரு மெல்லிய கீற்றாக, ஒரு விசேஷமான காந்தத்தின் நடுவே அனுப்பினார்கள். ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம்போல நடந்துகொள்ளும். அவை பல கோணங்களிலும் சாய்ந்திருக்கும். ஆகவே எதிரே வைத்த தகட்டில் வெள்ளி மேலும் கீழுமாகப் பரவலாகப் படியும் என்பது பழைய பௌதிகத்தின் எதிர்பார்ப்பு. படிந்தது இரண்டே கோடுகள். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் ஒன்றும் இல்லை.

இப்போது மேலே போன அணுக்களை மட்டும் எடுத்து, பக்கவாட்டில் திருப்பிவைத்த இன்னொரு காந்தத்தில் விடுகிறோம். பாதி இடது பக்கம் போகிறது, பாதி வலது பக்கம் போகிறது. இடது பக்கம் போனவற்றை மறுபடியும் முதல் மாதிரிக் காந்தத்தில் விடுகிறோம். எல்லாமே 'மேல்' என்று ஏற்கெனவே அளந்து முத்திரை குத்திய அணுக்கள் அல்லவா? மேலேதான் போக வேண்டும். ஆனால் பாதி கீழே போகிறது. முத்திரை அழிந்துவிட்டது.

இதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை என்று முதலில் தோன்றும். தட்டான் உரைகல்லில் பொன்னை உரசும்போது துளிப் பொன் கல்லில் ஒட்டிக்கொள்கிறது. அளக்கிற காரியமே பொருளைக் கொஞ்சம் கெடுக்கிறது. அணு மிகச் சிறியது, ஆகவே அதிகமாகக் கெடுகிறது. 1927ல் ஹைஸன்பர்க் தம்முடைய கொள்கையை விளக்கியபோது ஏறக்குறைய இந்த மாதிரி உதாரணத்தைத்தான் சொன்னார். ஆனால் உரைகல்லில் உரசுவதற்கு முன்னாலேயே பொன்னின் மாற்று இன்னதென்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. கொஞ்சம் கெட்டாலும் அளப்பது கண்டுபிடிப்பதுதான். முதல் அர்த்தம் இதுவரை பிழைத்துக்கொள்கிறது. ஐன்ஸ்டைன் பிடிவாதமாக நின்றதும் இந்தப் பக்கத்தில்தான். அணுவிடம் விடை முன்பே இருக்கிறது, நம் கொள்கைக்குத்தான் அது தெரியவில்லை என்று 1935ல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து எழுதினார்.

அந்தப் பக்கத்தைச் சோதித்துப் பார்க்க முடியும் என்று 1964ல் காட்டியவர் பெல்தான். அவருடைய கணக்கைக் கதையாகச் சொன்னால் இப்படி வரும். இரட்டையர் இருவரை வெவ்வேறு ஊர்களில் தனி அறையில் உட்கார வைக்கிறோம். மூன்றே மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில். யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை ஒவ்வொரு தடவையும் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறோம். இருவருக்கும் ஒரே கேள்வி விழும்போதெல்லாம் இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நாம் என்ன நினைப்போம்? பயல்கள் முன்பே பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், மூன்று கேள்விக்கும் பதில் தயாராக இருக்கிறது என்றுதான் நினைப்போம். நல்லது. கேள்வி மூன்று, பதிலோ இரண்டு வகைதான். ஆகவே மூன்றில் இரண்டு கேள்விக்காவது ஒரே பதிலைத் தயார் செய்திருக்க வேண்டும். அப்படியானால் இருவருக்கும் வெவ்வேறு கேள்விகள் விழும்போதும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பதில்கள் ஒத்துப்போயாக வேண்டும்.

இரட்டையருக்குப் பதிலாக, ஒரே இடத்தில் பிறந்து இரு திசையில் பிரிந்துபோகும் இரண்டு ஒளித்துகள்களை வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகளுக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று 60 டிகிரி வித்தியாசமுள்ள மூன்று கோணங்களில் திருப்பக்கூடிய ஒளிவடிகட்டிகள். ஒரே கோணத்தில் வைத்தால் பதில்கள் எப்போதும் ஒத்துப்போகும் என்கிறது க்வாண்டம் கணக்கு. வெவ்வேறு கோணங்களில் வைத்தால் நான்கில் ஒரு பங்குதான் ஒத்துப்போகும் என்கிறது. நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றைவிடக் குறைவு. சங்கதி இவ்வளவுதான். இயற்கை எந்தப் பக்கம் என்று சோதித்தார்கள். 1972ல் அமெரிக்காவில் கிளாஸரும் ஃப்ரீட்மனும், 1982ல் பிரான்ஸில் ஆஸ்பேயும் அவர் கூட்டாளிகளும், பிறகு 2015ல் எஞ்சியிருந்த முக்கியமான ஓட்டைகளையும் அடைத்துவிட்டு வேறு சிலரும். எல்லாவற்றிலும் க்வாண்டம் கணக்குத்தான் ஜெயித்தது. கிளாஸர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவருக்கும் 2022ல் நோபல் பரிசு கிடைத்தது. பெல் அதற்கு 32 வருஷம் முன்பே போய்விட்டார்.

ஆகவே, தயாராக வைத்திருந்த பதில்கள் மட்டும், ஓர் ஊர்ச் செய்தி இன்னோர் ஊருக்குப் போகாமல், இந்தக் கணக்கைத் தர முடியாது. நெற்குவியலை அளக்கிற அர்த்தம் இங்கே சுலபமாகச் செல்லாது.

அப்படியானால் அளப்பது கொடுப்பதுதான் என்று இரண்டாவது அர்த்தத்துக்குத் தாவுகிறவர்கள் உண்டு. பாஸ்குவல் ஜோர்டான் என்ற ஜெர்மானியர் முப்பதுகளிலேயே, அளக்கிற செயல்தான் அளவை உண்டாக்குகிறது என்ற கருத்தை எழுதிவிட்டார். கோபன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போர் அவரைவிட ஜாக்கிரதைக்காரர். சோதனையின் முழு ஏற்பாட்டையும் சொல்லாமல் அணுவின் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு அர்த்தமில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பெல்லின் கட்டுரை இங்கேதான் சூடு பிடிக்கிறது. படியளக்கிறவர் யார், அதைச் சொல்லுங்கள் என்று அவர் கேட்கிறார். க்வாண்டம் கொள்கையில் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. யாரும் அளக்காதபோது அணுவின் நிலை ஒரு சமன்பாட்டின்படி சீராக மாறிக்கொண்டே போகும். பல வாய்ப்புகளும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும். அளந்த உடனே அந்தச் சட்டம் போய் வேறு சட்டம் வருகிறது: வாய்ப்புகளில் ஒன்று நிற்கும், மற்றவை மறையும், எது நிற்கும் என்பதற்கு மாக்ஸ் போர்ன் 1926ல் கொடுத்த நிகழ்தகவு விதி. சரி, முதல் சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது? அளக்கிற கருவியும் பித்தளையும் கண்ணாடியும்தானே, அவையும் அணுக்கள்தானே, அவை ஏன் முதல் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை? கருவியைப் பார்க்கிற மனிதர்தான் காரணம் என்றால், மனிதர் தோன்றுவதற்கு முன்னால் கோடிக்கணக்கான வருஷங்கள் உலகம் என்ன செய்துகொண்டிருந்தது? முதல் ஒற்றைச் செல் உயிர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்ததா, அல்லது டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் வரட்டும் என்று இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருந்ததா என்று பெல் கிண்டல் செய்கிறார். கிண்டல்தான், ஆனால் பதில் சொல்ல வேண்டிய கிண்டல்.

விமரிசகராகப் பெல்லின் தரம் தெரிகிற இடம் கட்டுரையின் நடுப்பகுதி. அடிப்பதற்குச் சுலபமான மட்டமான புத்தகங்களை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. லாண்டாவ்-லிஃப்ஷிட்ஸ் எழுதிய பிரசித்தமான பாடநூல், கர்ட் காட்ஃப்ரீடின் நூல், வான் கம்பனின் கட்டுரை என்று நல்லவர்களுடைய நல்ல எழுத்தையே எடுத்துப் படிக்கிறார். நம் இலக்கிய விமரிசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மோசமான புத்தகத்தில் உள்ள குறை அந்த ஆசிரியரின் குறை. மிகச் சிறந்த புத்தகத்திலும் அதே குறை இருந்தால் அது துறையின் குறை.

காட்ஃப்ரீடைப் பற்றி அவர் சொல்லுகிற குற்றச்சாட்டு தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே விளங்கும். கொள்கை தருவது 'உம்'. முள் மேலேயும் நிற்கிறது, கீழேயும் நிற்கிறது. நாம் பார்ப்பது 'ஓ'. மேலேயோ, கீழேயோ, ஏதோ ஒன்று. பெரிய கருவிகளின் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தச் சோதனையாலும் கண்டுகொள்ள முடியாதபடி அவ்வளவு சிறியதாகப் போய்விடும் என்று பாடநூல் காட்டுகிறது. காட்டிவிட்டு, சத்தம் போடாமல் 'உம்'மை எடுத்துவிட்டு 'ஓ'வைப் போட்டுவிடுகிறது. வித்தியாசம் தெரியாது என்பது வேறு, வித்தியாசம் இல்லை என்பது வேறு என்கிறார் பெல். 'ராமனும் கிருஷ்ணனும் வந்தார்கள்' என்ற வாக்கியத்தை, இருவரையும் சேர்ந்தாற்போல் யாரும் பார்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, 'ராமனோ கிருஷ்ணனோ வந்தான்' என்று அச்சுக்கோப்பவர் மாற்றிவிட்டால் எந்த எழுத்தாளர் சும்மா இருப்பார்?

நடைமுறைக்கு இது போதுமே என்று சொல்பவர்களுக்காகப் பெல் ஒரு குறுஞ்சொல்லே செய்து வைத்திருக்கிறார். 'எல்லா நடைமுறைக் காரியங்களுக்கும்' என்பதற்கான நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஃபாப்' என்கிறார். ஃபாப்புக்குக் குறைவில்லை, லேசர் ஒளிர்கிறது, டிரான்ஸிஸ்டர் பாடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலகத்தின் அடிப்படைச் சட்டத்தை எழுதும்போது 'ஏறக்குறைய' என்ற சொல்லை அதற்குள் வைக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. அமைப்பு, கருவி, சூழல், தகவல் என்று சில சொற்களைப் பட்டியல் போட்டு, இவற்றை அன்றாட வேலையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அஸ்திவாரத்தில் மட்டும் வைக்காதீர்கள் என்கிறார். பட்டியலில் படுமோசமான சொல் 'அளவீடு' என்பது அவர் தீர்ப்பு.

இந்தச் சொல்லின் தயவால் மூன்றாவது அர்த்தம் எப்படிச் செழித்திருக்கிறது என்பதற்கு நாம் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. 'பார்ப்பவரின் மனம்தான் உலகத்தைப் படைக்கிறது, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது, இதை நம் ரிஷிகள் அன்றே சொன்னார்கள்' என்று முழங்குகிற புத்தகங்களுக்கும் பிரசங்கங்களுக்கும் நம்மிடையே பஞ்சமில்லை. வேதாந்தத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையினாலேயே சொல்கிறேன்: வேதாந்தத்துக்கு இந்தச் சாட்சி தேவையில்லை, இது சாட்சியும் ஆகாது. ஷ்ரோடிங்கர் உபநிஷதக் கருத்துக்களில் ஆழ்ந்தவர். 1944ல் வெளியான 'உயிர் என்றால் என்ன' என்ற நூலின் முடிவில் அவற்றை எடுத்தும் பேசியிருக்கிறார். ஆனால் 1935ல் பெட்டிக்குள் அடைத்த பூனையைப் பற்றி எழுதியபோது அவர் அந்தப் பூனையை ஆத்மாவுக்குச் சாட்சியாக நிறுத்தவில்லை. கொள்கையை அப்படியே நம்பினால் பூனை உயிரோடும் செத்தும் இருக்கும் என்று சொல்ல வேண்டிவரும், இது எவ்வளவு அபத்தம் பாருங்கள் என்று காட்டுவதற்காகவே எழுதினார். ஏளனத்துக்காகச் சொன்ன கதையை எடுத்து அதிசயத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது ஆசிரியருக்குச் செய்கிற துரோகம். மனத்துக்குப் பங்கு உண்டு என்று 1961ல் வாதாடிய விக்னர்கூடப் பிற்காலத்தில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். கைவிட்ட செய்தி மட்டும் பிரசங்க மேடைக்கு வந்து சேரவில்லை.

பெல்லின் கட்டுரையில் குறையே இல்லையா? உண்டு. போரின் கட்சிக்காரர்கள் சொல்லக்கூடிய மிக நல்ல வாதத்தை அவர் முழுக்க எடுத்துக்கொண்டு பேசவில்லை. கட்டுரை வந்த சில மாதங்களுக்குள் ருடால்ஃப் பைர்ல்ஸ் என்ற முதிய விஞ்ஞானி அதே பத்திரிகையில் அளவீட்டுக்கு ஆதரவாக எழுதினார். க்வாண்டம் நிலை என்பது அணுவின் சித்திரமே அல்ல, அணுவைப் பற்றி நமக்குத் தெரிந்ததன் தொகுப்பு. புதிதாக ஒன்று தெரிந்தால் தொகுப்பு மாறுவதில் என்ன மர்மம் என்பது அவர் கட்சி. இது லேசான பதில் அல்ல. 'யாருக்குத் தெரிந்தது, எதைப் பற்றித் தெரிந்தது?' என்று பெல் தம் கட்டுரையிலேயே இரண்டு கேள்விகளை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறார். கேள்விகள் கூர்மையானவை. ஆனால் கேள்வியோடு நகர்ந்துவிடாமல், எதிராளியைக் கொஞ்சம் உட்கார வைத்துப் பேசியிருக்கலாம்.

இன்னொன்று, அவர் காட்டுகிற மாற்று வழிகளும் இலவசமாகக் கிடைப்பவை அல்ல. டேவிட் போம் 1952ல் சொன்ன வழியில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, யாரும் பார்க்கவும் வேண்டாம். ஆனால் இங்கே நடப்பது அந்த நொடியே தொலைவில் உள்ளதைத் தொட்டுவிடுகிறது. இத்தாலியர் மூவர், கிரார்டி, ரிமினி, வெபர், 1986ல் சொன்ன வழியில் 'உம்' தானாகவே எப்போதாவது 'ஓ' ஆகிவிடும். பெரிய பொருளில் அது கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். அதற்காகச் சமன்பாட்டையே மாற்ற வேண்டும், அந்த மாற்றத்துக்குச் சோதனையில் இதுவரை அத்தாட்சி கிடைக்கவில்லை. இவற்றின் விலையை அவர் மறைக்கவில்லை, ஆனால் உரக்கச் சொல்லவும் இல்லை. ஒரு சொல்லைத் தள்ளிவைத்தால் அந்தச் சொல் மூடியிருந்த பள்ளம் கண்ணுக்குத் தெரியும், பள்ளம் தூர்ந்துவிடாது.

ஆனாலும் பள்ளம் கண்ணுக்குத் தெரிவது பெரிய காரியம். வெகுகாலம் அதைப் பார்ப்பதே ஆபத்தாக இருந்தது. கேள்வி கேட்காதே, கணக்கைப் போடு என்பதுதான் அந்தத் துறையில் இளைஞர்களுக்குக் கிடைத்த உபதேசம். எழுபதுகளின் நடுவில், பெல்லின் கணக்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு ஆஸ்பே ஜெனீவாவுக்குப் போய் அவரைச் சந்தித்தார். சோதனையைப் பற்றி விவரமாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்ட பெல் முதலில் கேட்ட கேள்வி, 'உங்களுக்கு நிரந்தர உத்தியோகம் இருக்கிறதா?' என்பது. இருக்கிறது என்று தெரிந்த பிறகே உற்சாகப்படுத்தினாராம். பின்னால் நோபல் பரிசு பெறப்போகிற ஒரு சோதனையைத் தொடுவதற்கு வயிற்றுப்பாட்டுக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு சொல் எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கும்போது, அதை அசைக்கிறவருக்குச் சோறு கிடைப்பதே கஷ்டமாகிவிடுகிறது.

'அளவீடு' வேண்டாம் என்றால் வேறு எந்தச் சொல்? பெல்லுக்கு அதிலும் தயக்கம் இல்லை. 'சோதனை' என்று சொல்லுங்கள் என்கிறார். சோதனை என்றால், முன்பே உள்ளே இருந்த ஒன்றை அப்படியே எடுத்து வெளியே காட்டியதாக யாரும் நினைக்கமாட்டார்கள். வெளிவந்த முடிவில் அணுவுக்கும் பங்கு உண்டு, காந்தத்துக்கும் தகட்டுக்கும் பங்கு உண்டு. ஸ்டெர்ன் பிற்காலத்தில் ஒரு கதை சொல்லியிருக்கிறார்: அவர்கள் எடுத்த தகட்டில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை, அவர் பிடித்துக்கொண்டிருந்த மட்டமான சுருட்டின் கந்தகப் புகை பட்டுத்தான் வெள்ளி கறுத்து, கோடுகள் கண்ணுக்குத் தெரிந்தன என்று. அந்தக் கதையை முழுக்க நம்பாதவர்களும், அதில் படைப்புக் கடவுளாக எந்த மனமும் நிற்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். உலை, வெள்ளி, காந்தம், புகை: எல்லாம் உலகத்துச் சாமான்கள்.

நம்மவர்களுக்கு 'சோதனை' என்ற சொல் இன்னும் பொருத்தமானது. ஒருவருக்குச் சோதனை வந்தது என்றால், அவரிடம் எவ்வளவு உறுதி இருக்கிறது என்று யாரோ மரக்காலால் அளந்து பார்த்தார்கள் என்று நாம் எண்ணுவதில்லை. அந்த உறுதியில் அவருடைய பங்கு எவ்வளவு, வந்த சோதனையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்பது நமக்குத் தெரியும். தமிழில் விஞ்ஞானம் எழுதுகிறவர்கள் க்வாண்டம் பௌதிகத்துக்கு வரும்போது, பழக்கத்தினால் 'அளவீடு' என்று எழுதப் பேனாவைத் தூக்கினால், கொஞ்சம் நிதானித்து 'சோதனை' என்று எழுதிப் பார்க்கட்டும். வாக்கியம் கெடாது. அளக்கிறவர்களுக்கு இடம் கொஞ்சம் குறையும்.